அம்மாவுக்கு விட்ட இடம்

குடும்பக் கலை ஞாயிறு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் எங்கள் ஊர்க் குடும்பங்களைப் பார்த்ததே கிடையாது. பிப்ரவரி வந்தால் மோலோ பிளாசா சதுக்கத்தின் வாசலில் பெரிய பேனர் கட்டிவிடுவார்கள். அதில் ஒரு அப்பா, ஒரு அம்மா, பையன் ஒன்று, பெண் ஒன்று, நாய் ஒன்று. எல்லாருக்கும் முழுப் பல்வரிசை. இலோய்லோவில் இப்படி ஒரு வீட்டைக் காட்டுங்கள், என் தூரிகைகளை எல்லாம் உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த பேனர் படத்தை வரைந்ததும் நான்தான் என்பது வேறு விஷயம். கேட்டபடி வரைந்து கொடுத்தேன். நாயை மட்டும் என் இஷ்டத்துக்குச் சொறிநாயாக வரைந்தேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பள்ளிப் பாடப் புத்தகங்களுக்கும் சிறுவர் கதைகளுக்கும் படம் போடுவது என் பிழைப்பு. கலை ஞாயிறன்று மட்டும் பிளாசாவின் பெரிய மரத்தடியில் மேசை போட்டு, வருகிற குடும்பங்களை எதிரே நிறுத்தி வரைந்து கொடுப்பேன். பக்கத்து மேசை ஜோபெர்ட். அவனும் படக்காரன்தான். என்னைவிட பத்து வயது இளையவன் என்பதால் மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். வருகிறவர்களை எல்லாம் பூனைகளாக மாற்றி வரைவது அவன் பாணி. கூட்டம் எப்போதும் அவன் பக்கம்தான்.

"மனாங், நீங்களும் பூனைக்கு மாறிடுங்க. மனுஷ மூக்கு வரைஞ்சா சண்டைக்கு வருவாங்க. பூனை மூக்குக்கு எவனும் வரமாட்டான்."

"உன் மூஞ்சியப் பாத்து பழகினவங்களுக்குப் பூனையே தேவலைன்னு தோணும். அதான் கூட்டம்" என்பேன். இப்படியே ஆண்டுதோறும் எங்கள் பேச்சு.

என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் ஆள் குறையும். அப்பா கப்பலில் இருப்பார், அம்மா ஹாங்காங்கில் இருப்பாள், அண்ணன் தோஹாவில் இருப்பான். போனை நீட்டி, "இவரையும் சேத்துடுங்க மனாங்" என்பார்கள். ஆரம்பத்தில் அப்படிப்பட்டவர்களை மேலே ஒரு மூலையில் மேகம் போட்டு அதற்குள் வரைந்தேன். "என் மருமகன் இன்னும் சாகல" என்று ஒரு கிழவர் படத்தை என் மேசையிலேயே வீசிவிட்டுப் போனார். அவர் கோபம் நியாயமானது. அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். நிற்கிறவர்களிடம் முதலிலேயே இடம் விடச் சொல்வேன். "இங்க ஒரு ஆள் நிக்கற அளவுக்குத் தள்ளிக்கோங்க. கைய தோள் மேல போட்ட மாதிரி தூக்கி வெச்சுக்கோங்க." காற்றில் கையைப் போட்டுக்கொண்டு அவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் போட்டோவைப் பார்த்து ஆளை அந்த இடத்தில் நிறுத்துவேன். கோட்டின் கனத்திலும் வண்ணத்திலும் வித்தியாசமே இருக்காது. வந்தது யார், வராதது யார் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ரோனெல் டிரைசிக்கிள் ஓட்டுகிறவன், பைக்கோடு பக்கப் பெட்டி சேர்த்த வாடகை வண்டி. முதல் முறை வந்தபோது அவன் மகள் ஜைராவுக்கு இரண்டு வயது, அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அனலின் ரியாத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். போவதற்கு முந்தின நாள் எடுத்த போட்டோவைக் காட்டினான். மஞ்சள் சட்டை, இடுப்பு வரை முடி, கன்னத்தில் குழி. நல்ல முகம். வரைவதற்கே கைக்கு ஆசையாக இருக்கும் முகம். வரைந்து கொடுத்தேன்.

அடுத்த ஆண்டும் வந்தார்கள், அதற்கடுத்த ஆண்டும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே போட்டோதான்.

"புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்த வீட்ல படம் எடுக்க விடமாட்டாங்களாம் மனாங். வெள்ளிக்கிழமை குரல் மட்டும்தான் வரும்" என்றான்.

அதனால் மறுபடியும் மஞ்சள் சட்டை. ஜைராவுக்குப் பால் பல் விழுந்தது, ரோனெலுக்குத் தொப்பை விழுந்தது, அனலின் மட்டும் அப்படியே நின்றாள். ஜைரா படங்களைத் தன் கட்டிலுக்கு மேலே வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள் என்றும், தூங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் இருக்கிற அம்மாவுக்கு முத்தம் கொடுக்கிறாள் என்றும் ரோனெல் சொன்னான். நான்காம் ஆண்டு நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் தன் அப்பாவை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். "தள்ளுப்பா, அம்மா நிக்கணும்." ஜோபெர்ட் கூட பூனையை நிறுத்திவிட்டு இதை வேடிக்கை பார்த்தான்.

இந்த ஆண்டு கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டிய முடி. ஒட்டிப்போன உடம்பு. தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு பக்கம் தோல் வெந்து சுருங்கியிருந்தது. ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்தேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றேன். "நீங்க மட்டுமா? வீட்ல யாராவது வெளிநாட்டுல இருந்தா போட்டோ குடுங்க, சேத்தே வரைஞ்சிடலாம்."

"வெளிநாட்டுல இருந்தது நான்தான் மனாங்."

"அப்படியா. எந்த ஊர்?"

"ரியாத். நான் ஜைராவோட அம்மா. நீங்க வருஷா வருஷம் வரையறீங்களே, அந்த அனலின்."

அந்த முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைவேன். அதுவே நேரில் வந்து எதிரே உட்கார்ந்தபோது, போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் இன்னும் கேவலமாகப் போய்விடுமா என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன்.

"பரவால்ல மனாங். ஏர்போர்ட்டுல என் வீட்டுக்காரரே என்னைத் தாண்டி போயிட்டாரு. பின்னாடியே ஓடிப்போய் சட்டையப் புடிச்சு இழுத்தேன்" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கை தானாக வாயை மூடியது. முன் பற்கள் இரண்டு இல்லை.

சூடான எண்ணெய் என்று சொன்னாள். தானாகக் கொட்டியதா, யாராவது கொட்டினார்களா என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

"அப்புறம் வேற வீட்டுக்கு மாத்தி விட்டாங்க. அங்க நல்லவங்க, முகத்தப் பாத்தே பேசிக்கோன்னாங்க. நான்தான் சிக்னல் இல்லன்னு பொய் சொல்லி குரலோடயே நிறுத்திக்கிட்டேன். புள்ள பயந்துடுமேன்னு."

"இப்ப வீட்டுக்கு வந்துட்டீங்களே, அப்புறம் என்ன?"

"ஆண்ட்டின்னு கூப்பிடறா." அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப் போனது. "ரொம்ப மரியாதையா. சாக்லேட் குடுத்தா தேங்க்யூ ஆண்ட்டி. தலை வாரி விடட்டுமான்னா வேணாம் ஆண்ட்டி, அப்பா வாருவாரு. நான்தான்டி உன் அம்மான்னு சொன்னேன். சிரிக்கறா. விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைக்கறா. அவங்கப்பா சொல்லிப் பாத்தாரு, பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லிப் பாத்தாங்க. சுவத்துல இருக்கற படத்தக் காட்டி, அம்மா இப்படித்தான் இருப்பாங்கன்னு எங்களுக்கே பாடம் எடுக்கறா."

"இந்த மாசக் கடைசியில லீவு முடியுது. திரும்பி வரியா இல்லையான்னு ஏஜென்சிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். போகக் கூடாதுன்னுதான் வந்தேன் மனாங். அவ ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டா போதும், டிக்கெட்ட கிழிச்சுப் போட்டுடுவேன். சோத்துக்கு இங்கயே என்னவாவது செஞ்சுக்கலாம்." சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அவ யாரு சொன்னாலும் நம்பமாட்டா. உங்க படத்த மட்டும்தான் நம்புவா. நீங்க வரையற படத்துல அவ பக்கத்துல நான் நின்னேன்னா, அவளுக்குப் புரிஞ்சிடும். அதச் சொல்லத்தான் அவங்க வரதுக்கு முன்னாடி வந்தேன்."

"இப்ப இருக்கற மாதிரியே வரையணுமா?"

"இருக்கற மாதிரியேதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா, அது நான்தான்னு தெரியற மாதிரி."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. சரி என்றேன். எனக்கு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. எண்ணெய் மேல், அந்த வீட்டம்மா மேல், வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு ஆடுகிற அந்த பேனர் மேல். என் மேலும்தான்.

ரோனெல் வந்து டிரைசிக்கிளை நிறுத்துவதற்குள் ஜைரா குதித்து ஓடி வந்தாள். ஏழு வயது. புதிதாக முளைத்த முன் பற்கள் முகத்துக்குப் பெரிதாக இருந்தன.

"மனாங் ரோடா! நான் இப்ப அப்பாவோட சட்டை மூணாவது பட்டன் வரைக்கும் வந்துட்டேன். பாத்து வரைங்க, போன வருஷம் குட்டையா வரைஞ்சீங்க." அப்புறம் அனலினைப் பார்த்தாள். "ஆண்ட்டி, நீங்களும் வந்துட்டீங்களா? ஐஸ் விக்கறாங்க, சாப்பிட்டீங்களா?"

நல்ல பிள்ளை. துளியும் கெட்ட எண்ணம் இல்லாத பிள்ளை. கொஞ்சம் கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் மேசைக்கு எதிரே நேராகப் போய் நின்று, வழக்கம்போல அப்பாவைத் தள்ளினாள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அனலின் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கழுத்தில் கிடந்த துணியைச் சரி செய்துகொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவள் போல மெதுவாக அந்த இடத்தில் போய் நின்றாள்.

ஜைரா நிமிர்ந்து பார்த்தாள். "ஆண்ட்டி, இது எங்க அம்மாவோட இடம்."

"ஜைரா, எத்தனை வாட்டி சொல்றது?" என்றான் ரோனெல். "இவங்கதான்மா அம்மா."

"அப்பா, சும்மா இருப்பா." அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்பாவின் மறு பக்கத்துக்குப் போனாள். அங்கே ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். "சரி, ஆண்ட்டி அங்கயே நிக்கட்டும். பாவம், வந்துட்டாங்க. அம்மா இங்க நிக்கட்டும். மனாங், இந்த வருஷம் நாங்க நாலு பேர்."

மேடையிலிருந்து ஒலிபெருக்கியில், ஊரிலேயே மகிழ்ச்சியான குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி பரிசு, குடும்பங்கள் மேடைக்கு வரவும் என்று ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். அவன் வாயில் அந்த அரிசியை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். "இண்டாய், இங்க வா" என்று ஜைராவைச் செல்லமாகக் கூப்பிட்டேன். வந்தாள். "நான் எப்பவாவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"இவங்கதான் உன் அம்மா. நான் வரையறேனே, அவங்கதான் இவங்க. தூரத்துல இருந்து திரும்பி வந்துட்டாங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தில் தேடினாள். "நீங்கதானே மனாங் வரைஞ்சீங்க? ஒவ்வொரு வருஷமும் வரைஞ்சீங்க. எங்க அம்மா எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாதா?"

"குரலக் கேளும்மா" என்றான் ரோனெல். "அம்மா குரல்தானே?"

"குரல் அம்மா மாதிரிதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அனலினுக்குக் கேட்காது என்று நினைத்து, என் காதருகே வந்து தணிந்த குரலில் சொன்னாள். "ஆனா மனாங், இவங்க வந்ததுல இருந்து எங்க அம்மா போனே பண்றதில்ல. வெள்ளிக்கிழமை எல்லாம் சும்மாவே போயிடுச்சு. இவங்க போனாத்தான் பண்ணுவாங்க போல."

அனலினுக்குக் கேட்டது. அவள் முகம் மாறாமல் அப்படியே நின்றாள். கழுத்துத் துணியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஜோபெர்ட் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. என் பின்னால் நின்றிருந்தான். பூனை வேடிக்கை எல்லாம் அவன் முகத்திலிருந்து போயிருந்தது. "மனாங், நீங்க பாடப் புத்தகத்துல முட்டை, புழு, பட்டாம்பூச்சின்னு வரிசையா வரைவீங்களே. அந்த மாதிரி பண்ணிப் பாருங்களேன். ஒண்ணுல இருந்து ஒண்ணா கூட்டிட்டு வாங்க."

எனக்கே தோன்றியிருக்க வேண்டும். என் பிழைப்பே அதுதானே. விதை செடியாவதும் தலைப்பிரட்டை தவளையாவதும் எத்தனை பக்கம் வரைந்திருப்பேன். நீளமான தாள் ஒன்றை எடுத்து மேசையில் கிளிப் போட்டேன். ஜைராவை என் பக்கத்து முக்காலியில் ஏற்றிக்கொண்டேன். அவள் மூச்சு என் கையில் பட்டது.

முதல் முகம் மஞ்சள் சட்டை, நீள முடி.

"அம்மா" என்றாள் உடனே.

இரண்டாவதில் முடியை அள்ளிக் கொண்டை போட்டேன். கன்னத்தில் சதையைக் கொஞ்சம் குறைத்தேன்.

"அம்மா. வேலை செய்யறாங்க."

மூன்றாவதில் முடியை வெட்டினேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "முடிய ஏன் வெட்டிட்டாங்க?"

"சாப்பாட்டுல விழுதுன்னு அந்த வீட்டம்மா வெட்டிக்கச் சொன்னாங்க" என்றாள் அனலின், பின்னாலிருந்து.

ஜைரா திரும்பவில்லை. தாளைப் பார்த்தே, "பாவம் அம்மா" என்றாள்.

நடந்துவிடும் என்று நம்பினேன். முட்டாள்தனமாக நம்பினேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்த மரத்தடியில் நின்ற எல்லாருக்குமே அப்படித்தான் இருந்தது. நான்காவது முகத்தில் கன்னத்தைக் குழியாக்கினேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டேன். ஜைரா விரலை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டாள். வண்ணம் விரலில் ஒட்டியது.

"அம்மா சாப்பிடலையா?"

"சில நாள் சாப்பிட நேரம் இருக்காது" என்றாள் அனலின்.

இந்த முறை ஜைரா திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் அனலினைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள், மறுபடியும் அனலினைப் பார்த்தாள். ஜோபெர்ட்டின் கை என் தோளை அழுத்தியது, நிறுத்து என்றா, தொடர் என்றா, தெரியவில்லை. நான் தொடர்ந்தேன். ஐந்தாவது முகம். வாயை வரைந்தேன், கண்ணை வரைந்தேன். தூரிகையை எடுத்துச் சிவப்பும் பழுப்பும் கலந்து தாடையில் வைத்தேன். தாள் ஈரமாக இருந்ததால் அது கழுத்து வரை பரவி இறங்கியது.

"வேணாம்!"

என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தூரிகை ஐந்து முகங்களின் மேலும் சிவப்பாக ஓடியது. "அம்மாவ அப்படிப் பண்ணாதீங்க! அம்மாவுக்கு வலிக்கும்! ஏன் மனாங் அம்மாவ இப்படிப் பண்றீங்க?"

"நான் பண்ணல இண்டாய், நான் பண்ணல..."

"நீங்கதான் பண்ணீங்க! நான் பாத்தேன்!"

கிளிப்போடு தாளைப் பிடுங்கினாள். கடைசி முகத்தைக் கிழித்துத் தரையில் போட்டாள். மீதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாய் கோணி, மூச்சு விட முடியாமல் அழுதாள். ஜோபெர்ட்டிடம் பூனைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அனலின் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். ஜைரா ஓடிப்போய் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அவங்கள போகச் சொல்லுப்பா. அவங்க வந்ததுனாலதான் எல்லாம்."

அனலின் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். தரையில் கிடந்த கிழிந்த முகத்தை எடுத்து, ஈரம் ஒட்டாமல் இருக்க விரித்தே பிடித்துக்கொண்டாள். பிறகு என் முக்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"போதும் மனாங். புள்ள அழுவுது" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எப்பவும் போல போட்டோவ வெச்சே வரைஞ்சிடுங்க."

"முடியாது" என்றேன். "ஆள இங்க நிறுத்தி வெச்சுக்கிட்டு அந்த போட்டோவப் பாத்து வரையச் சொல்றியா? நான் என்ன மனுஷியா, மிஷினா?"

"வரைங்க மனாங். அவ அழுகை நிக்கட்டும்."

"ரோனெல், நீயாவது சொல்லேன்."

ரோனெல் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்து என் மேசையில் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தேன்.

வரைந்தேன். அவர்கள் இடம் விட்டு நின்றார்கள். ரோனெல் காற்றில் கையைப் போட்டான். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அவனைச் சிரிக்கிறவனாக வரைந்தேன். அனலின் என் பின்னால் மகளின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு, தன் முகம் தாளில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நடுங்கக்கூடாதா என்று என் கையையே திட்டினேன். அது நடுங்கவே இல்லை. வழக்கம்போல ஓடியது. விக்கல் நின்ற பிறகு ஜைரா எட்டிப் பார்த்துத் திருத்தம் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா கை என் தோள்ல இருக்கணும். இல்ல, இன்னும் கிட்ட. கன்னத்துல குழி மறந்துட்டீங்க."

போட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் வரைந்த அனலின்களில் இதுதான் மிக அழகானது.

ஜைரா படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அழ வைத்ததை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நேராக அனலினிடம் போனாள். "ஆண்ட்டி, அப்படிச் சொன்னதுக்கு சாரி. இங்க பாருங்க, இதான் எங்க அம்மா. அழகா இல்ல?"

"ரொம்ப அழகு" என்றாள் அனலின்.

"உங்களையும் மனாங் தனியா ஒண்ணு வரைவாங்க. கேக்கட்டுமா?"

"வேணாம் கண்ணு. நான் போய் இளநீர் வாங்கிட்டு வரேன். அப்பாகூட இரு."

பையையும் பாட்டிலையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கூட்டத்துக்குள் புகுந்து, ஒலிபெருக்கியைத் தாண்டி, பிளாசாவின் மறுகோடிக்கு நடந்தாள். அரிசி மூட்டையை யாரோ ஜெயித்துவிட்டார்கள் போல, எல்லாரும் கை தட்டினார்கள். ஜோபெர்ட் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் வரையாமல் உட்கார்ந்திருந்தான். ரோனெலிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். என்ன சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அப்போது மேசையில் இருந்த ரோனெலின் போன் அடித்தது. திரையில் மஞ்சள் சட்டை, நீள முடி. ஜைரா கண்ணை விரித்து ஒரு கத்து கத்தினாள். படத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனைப் பறித்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா! ஏம்மா இவ்ளோ நாளா பண்ணல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ரோனெலும் பார்த்தான். இளநீர்க்காரனின் வண்டிக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒட்ட வெட்டிய முடியோடு அவள் நின்றிருந்தாள். ஒரு கை காதில் இருந்தது. கூட்டத்தின் சத்தம் போனுக்குள் போகாமல் இருக்க மறு கையை வாய்க்கு அருகே குவித்து வைத்திருந்தாள்.

"நான் அழலையே. கொஞ்சம்தான் அழுதேன். யாரு சொன்னா உனக்கு? ...ஆமா, வரைஞ்சாச்சு. நீ என் பக்கத்துல நிக்கற, கை என் தோள்ல இருக்கு. ...உனக்கு உடம்பு நல்லா இருக்காம்மா? உன் முடிய வெட்டலதானே? ...ம். சத்தியமா?" அவள் ஒற்றைக் காலில் குதித்தாள். "அம்மா, நம்ம வீட்டுக்கு ஒரு ஆண்ட்டி வந்திருக்காங்க. நல்லவங்கதான், சாக்லேட் எல்லாம் குடுத்தாங்க. ஆனா அவங்க வந்ததுல இருந்து நீ போன் பண்றதே இல்ல. அவங்க எப்பம்மா போவாங்க?"

பதில் வர நேரமாயிற்று. ஜைரா குதிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மறுகோடியில் அனலின் அந்த வண்டியில் ஒரு கையை ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவள் நிமிர்ந்து பேசுவது தெரிந்தது.

ஜைரா கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். புதிதாக முளைத்த பல் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அப்பா, ஆண்ட்டி இந்த மாசக் கடைசியில போயிடுவாங்களாம். அதுக்கப்புறம் அம்மா வாரா வாரம் பண்ணுவாங்களாம்!"